லாம்பர்ட் பனியாறும் அச்சேறாத ஒரு பெயரும்

கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டால் அது எங்கே போய் முட்டும்? இலங்கை கிழக்கே ஒதுங்கிக்கொள்கிறது, மாலத்தீவு மேற்கே. வழியில் குறுக்கே வருவது ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்று பிரான்சுக்குச் சொந்தமான இரண்டு குட்டித் தீவுகள் மட்டும்தான். அப்புறம் வெறும் கடல். சுமார் 8,500 கிலோமீட்டர் போனபிறகு அண்டார்டிகாவின் கரை. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் ஆய்வு நிலையம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கரையோரமாகத் தென்மேற்கே கொஞ்சம் போனால் லார்ஸ்மன் குன்றுகள். 2012 முதல் இந்தியாவின் பாரதி நிலையம் அங்கே இயங்குகிறது. இன்னும் மேற்கே போனால் பாறைக்கரை முடிந்துவிடும். அங்கிருந்து கடல்மேல் மிதக்கும் பனித்தட்டு ஒன்று தொடங்குகிறது. அதன் பெயர் ஆமரி. அந்தத் தட்டுக்குப் பனியைக் கொண்டுவந்து தள்ளுவது லாம்பர்ட் பனியாறு.

உலகிலேயே பெரிய பனியாறு என்று பல புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல், அகலம் சில இடங்களில் 80 கிலோமீட்டர், தடிமன் இரண்டரை கிலோமீட்டர் வரை. இந்த எண்களைவிட எனக்கு அதிகம் புரியவைத்தது வேறொரு கணக்கு. கிழக்கு அண்டார்டிகாவின் பனியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இந்த ஒரு வழியாகத்தான் கடலுக்கு வருகிறது. ஆனால் அது வெளியேறும் வாய், கிழக்கு அண்டார்டிகாவின் மொத்தக் கரையில் சுமார் 2 சதவீதம்தான். எனவே சுற்றியிருக்கும் பனியெல்லாம் இந்தக் குறுகிய வாயை நோக்கித்தான் சரிந்தாக வேண்டும். மேற்கில் ஃபிஷர், நடுவில் மெல்லர், கிழக்கில் லாம்பர்ட் என்று மூன்று பெரிய ஓட்டங்கள் பனித்தட்டின் தென்முனையில் வந்து சேர்கின்றன.

இந்தப் பனியில் ஒரு பகுதி புறப்படும் இடம் டோம் ஏ. கடல் மட்டத்துக்கு மேலே 4,000 மீட்டரைத் தாண்டிய பனி மேடு அது. அண்டார்டிகப் பனிப்பரப்பின் மிக உயரமான இடம். அங்கே பனிக்கு அடியில் ஒரு முழு மலைத்தொடரே புதைந்து கிடக்கிறது. 1958-ல் சோவியத் பயணக்குழு ஒன்று அதைக் கண்டுபிடித்து, காம்பர்ட்சேவ் என்ற தங்கள் நாட்டுப் புவி இயற்பியலாளரின் பெயரை வைத்தது. அந்த மலையைக் கண்ணால் பார்த்தவர் யாரும் கிடையாது.

பனி நகரும் வேகத்தைச் செயற்கைக்கோள் ரேடார் மூலம் அளந்திருக்கிறார்கள். துணைப் பனியாறுகள் ஆண்டுக்கு 100 முதல் 300 மீட்டர் நகர்கின்றன. முதன்மை ஓட்டத்தில் அது 400 முதல் 800 மீட்டர். பனித்தட்டின் முகப்பை நெருங்கும்போது 1,000, 1,200 மீட்டர் வரை போகிறது. கீழே உராய்வதற்குத் தரை இல்லை என்பதால் வரும் வேகம் அது.

தரை எங்கே முடிகிறது என்பதே இங்கே பெரிய கேள்வி. பனியாறு நிலத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது, ஓர் இடத்தில் நிலத்தை விட்டுக் கடல்நீரில் மிதக்கத் தொடங்குகிறது. அந்த இடம் வரைக்கும் அது பனியாறு, அதற்கு அப்பால் பனித்தட்டு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான், கோடு எதுவும் தெரியாது. மிதக்கும் பனி கடல் மட்டத்தின் அன்றாட ஏற்றஇறக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், நிலத்தில் கிடக்கும் பனி அசையாது. அதைக் கருவிகளால் பிடிக்கலாம். மேற்பரப்பின் உயரத்தையும் பனியின் தடிமனையும் வைத்து, இந்தப் பனி மிதக்க முடியுமா என்று கணக்கும் போடலாம். 2002-ல் பனியியலாளர் ஹெலன் ஃப்ரிக்கரும் அவரோடு வேலைசெய்தவர்களும் இப்படிப் பார்த்தபோது, முன்பு நினைத்த இடத்திலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தெற்கே தள்ளித்தான் அந்த எல்லை இருக்கிறது என்று தெரியவந்தது. பனி அங்கே நகர்ந்து போகவில்லை. முன்பு போட்ட கோடுதான் தப்பு.

இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. அதுவரை லாம்பர்ட் பனியாறு என்று வரைபடத்தில் எழுதியிருந்த ஒரு நீண்ட துண்டு, அறிவியல் கணக்கில் ஆமரி பனித்தட்டாகிவிட்டது. உலகிலேயே பெரியது, 400 கிலோமீட்டர் என்றெல்லாம் படிக்கும்போது, எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எல்லையைச் சரிசெய்த பிறகும் பழைய எண்கள் புத்தகங்களிலிருந்து இறங்கவில்லை. அச்சில் ஒருமுறை ஏறியதை இறக்குவது கஷ்டம். இந்தப் பனியாற்றின் பெயர்க் கதையும் இதேபோலத்தான்.

1946-47 கோடையில் அமெரிக்கக் கடற்படை ஆபரேஷன் ஹைஜம்ப் என்ற பெயரில் அண்டார்டிகாவுக்கு ஒரு பெரும் படையை அனுப்பியது. 13 கப்பல்கள், சுமார் 4,700 பேர். உலகப்போர் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. கப்பல், விமானம், ஆட்கள் எல்லாம் கையில் இருந்தன. குளிர்ப் பிரதேசத்தில் படைக்குப் பயிற்சி கொடுத்த மாதிரியும் ஆயிற்று, யாரும் பார்க்காத கரைகளைப் படம் பிடித்த மாதிரியும் ஆயிற்று. தாய்க்கப்பல்களிலிருந்து கிளம்பிய கடல் விமானங்கள் கண்டத்தைச் சுற்றிச்சுற்றிப் படமெடுத்தன. மொத்தம் சுமார் 70,000 படங்கள்.

விமானங்களுக்கும் குழுவினருக்கும் வானொலி அழைப்புப் பெயர்கள் இருந்தன. அந்தக் காலத்து ராணுவ எழுத்து முறையில் ஏ-க்கு ஏபிள், பி-க்கு பேக்கர், ஜி-க்கு ஜார்ஜ். கண்டத்தின் மறுபக்கத்தில் ஜார்ஜ் ஒன் என்ற விமானம் 1946 டிசம்பர் இறுதியில் பனியில் மோதி மூன்று பேர் இறந்துபோனார்கள். லாம்பர்ட் போய்ச் சேரும் பிரிட்ஸ் விரிகுடாப் பக்கம் பறந்தது பேக்கர் த்ரீ. 1947-ல் அந்தக் குழு எடுத்த படங்களில்தான் உள்நாட்டிலிருந்து கடல் நோக்கி இறங்கும் இந்தப் பெரும் பனியோட்டம் பதிவானது.

படங்கள் சும்மா கிடந்தால் வரைபடம் ஆகிவிடாது. படத்தில் தெரியும் சில பாறைகளுக்காவது சரியான அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்திருக்க வேண்டும். அதற்கு யாராவது தரையில் இறங்கி, கருவி வைத்து, சூரியனையோ விண்மீனையோ பார்த்து அளக்க வேண்டும். ஹைஜம்ப்பில் இந்த வேலை பெரும்பாலும் நடக்கவே இல்லை. 70,000 படங்களில் பெரும்பகுதி இதனாலேயே வரைபடத்துக்கு உதவாமல் போயிற்று. இதைச் சரிக்கட்ட அடுத்த கோடையில் ஹெலிகாப்டர்களோடு ஆபரேஷன் விண்ட்மில் என்று இன்னொரு பயணம் போனது. எல்லா இடங்களுக்கும் போக முடியவில்லை. எடுத்த படத்தின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் எந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டாலும் எனக்கு இந்தப் படங்கள்தான் நினைவுக்கு வரும்.

இரண்டு பயணங்களிலும் இருந்தவர் ஜான் ராஸ்கோ, விமானப் படங்களைப் படித்து நிலத்தைப் புரிந்துகொள்வதில் தேர்ந்த அமெரிக்கப் புவியியலாளர். 1952-ல் அவர் ஹைஜம்ப் படங்களை வைத்து இந்தப் பனியாற்றின் எல்லைகளைக் குறித்தார். படமெடுத்த விமானக் குழுவின் நினைவாக பேக்கர் த்ரீ பனியாறு என்று பெயரும் வைத்தார். எனக்கு இது மிகவும் நியாயமான பெயராகப் படுகிறது. உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்கள் அவர்கள். யாராவது ஓர் அதிகாரியின் பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கலாம், ராஸ்கோ அப்படிச் செய்யவில்லை. 1956-ல் அமெரிக்கப் புவியியல் பெயர் வாரியம் வெளியிட்ட அண்டார்டிகப் பெயர்க் கையேட்டிலும் பேக்கர் த்ரீ இடம்பிடித்தது. அதாவது அரசாங்க முத்திரையோடு பெயர் இருந்தது, விவரணையும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைப் போட்டு ஒரு வரைபடமும் உடனே அச்சாகி வெளியே வரவில்லை.

அதே 1956-ல் ஆஸ்திரேலியர்கள் வேறு வழியில் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். 1954-ல் பிலிப் லா தலைமையில் அவர்கள் மாசன் நிலையத்தை அமைத்திருந்தார்கள். 1956-ல் அங்கே விமானப்படையின் சிறிய பிரிவு ஒன்று பனிக்காலம் முழுக்கத் தங்கியது. அதனிடம் இருந்தவை பீவர், ஆஸ்டர் ரகச் சிறு விமானங்கள். அமெரிக்கர்களின் பெரும்படையோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: நிலையம் பக்கத்திலேயே இருந்தது, போகவேண்டிய இடத்துக்குத் திரும்பத்திரும்பப் போக முடிந்தது. வானிலிருந்து படம் எடுத்தார்கள், தரையிலும் குழுக்கள் போய்ப் பாறைகளில் அளவெடுத்தன. அந்த விமானத்தின் பெயர் அங்கே ஓர் ஏரிக்கு இருக்கிறது. பீவர் ஏரி நல்ல தண்ணீர் ஏரிதான், ஆனால் அடியில் கடலோடு தொடர்பு இருப்பதால் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

இந்த அளவுகளிலிருந்து உருவான வரைபடத்தில் 1957-ல் ஆஸ்திரேலியாவின் அண்டார்டிகப் பெயர்க்குழு லாம்பர்ட் பனியாறு என்று பெயர் போட்டது. வரைபடம் அச்சானது, எல்லோர் கைக்கும் போனது. அது சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு வேறு. பன்னிரண்டு நாடுகள் அண்டார்டிகாவில் ஆள் இறக்கிக்கொண்டிருந்த நேரம். புதிதாக வந்தவர்கள் கையில் கிடைத்த வரைபடத்தைத்தானே பார்ப்பார்கள்? பேக்கர் த்ரீ கையேட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. கடைசியில் அமெரிக்கர்களே லாம்பர்ட் என்பதை ஏற்றுக்கொண்டு, தங்கள் பதிவேட்டில் பேக்கர் த்ரீயை மாற்றுப்பெயராகக் கீழே இறக்கிவிட்டார்கள். முதலில் படமெடுத்தது, முதலில் பெயர் வைத்தது, முதலில் அரசின் பெயர்க் கையேட்டில் ஏற்றியது எல்லாம் அவர்கள்தான். விடுபட்டது வரைபடம் ஒன்றுதான்.

இதில் அரசியலும் உண்டு. 1933 முதலே அண்டார்டிகாவில் சுமார் 42 சதவீத நிலத்தைத் தன்னுடையது என்று ஆஸ்திரேலியா சொல்லிவருகிறது. அமெரிக்கா தானும் உரிமை கோரவில்லை, மற்றவர்களின் உரிமையையும் ஏற்கவில்லை. குடிமக்கள் இல்லாத, வரி வசூலிக்க முடியாத நிலத்தில் உரிமையைக் காட்ட என்ன வழி? தபால்தலை வெளியிடலாம், நிலையம் கட்டலாம், பெயர் வைக்கலாம். பெயர் வைப்பதுதான் மூன்றிலும் செலவு குறைந்தது. 1959-ல் கையெழுத்தாகி 1961-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக ஒப்பந்தம் உரிமைச் சண்டைகளை அப்படியே நிறுத்தி வைத்தது. பெயர் வைப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரே மலைக்கு நாலு நாடுகள் நாலு பெயர் வைத்த கதையெல்லாம் உண்டு. இவற்றை ஒன்றாகத் தொகுக்கும் வேலையை அண்டார்டிக ஆய்வுக்கான சர்வதேச அறிவியல் குழு 1990-களில் தொடங்கியது. அந்தத் தொகுப்பில் இப்போது 35,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இடங்களின் எண்ணிக்கை அதைவிட வெகு குறைவு.

சரி, லாம்பர்ட் யார்? வரைபடப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை யோகான் ஹைன்ரிஷ் லாம்பர்ட்தான் ஞாபகத்துக்கு வருவார். உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறைகளில் சிலவற்றுக்கு அவர் பெயர்தான். பனியாற்றுக்குப் பெயர் தந்தவர் அவரில்லை. இவர் புரூஸ் லாம்பர்ட், ஆஸ்திரேலியாவின் தேசிய வரைபடத் துறையின் இயக்குநர். 1951-ல் பொறுப்புக்கு வந்து கால் நூற்றாண்டு அந்த நாற்காலியில் இருந்தவர். ஆஸ்திரேலியக் கண்டம் முழுவதையும் ஒரே அளவுச் சட்டத்துக்குள் கொண்டுவந்த பெரிய நில அளவை அவர் காலத்தில்தான் முடிந்தது. அண்டார்டிக வரைபடங்களை அச்சிட்டதும் அவருடைய துறைதான்.

அவர் பெயரில் இன்னோர் இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்புள்ளி எது என்று 1988-ல் கணக்கிட்டு, பாலைவனத்தில் ஓர் இடத்தைக் குறித்தார்கள். அதற்கு லாம்பர்ட் மையம் என்று பெயர். கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டிடத்தின் உச்சியில் இருக்கும் கொடிக்கம்பத்தின் சின்ன வடிவம் ஒன்றை அங்கே நட்டிருக்கிறார்கள். செம்மண் பாலையில் ஒன்று, வெண்பனியில் ஒன்று. அலுவலக நாற்காலியிலிருந்து நில அளவையை நடத்திய ஒருவருக்கு இவ்வளவு பெரிய நிலம் பெயராகக் கிடைத்தது வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. ராஸ்கோவுக்கும் ஒரு பனியாறு உண்டு. பிரிட்ஸ் விரிகுடாவிலிருந்து வெகுதூரம் கிழக்கே ஷாக்கிள்டன் பனித்தட்டில் கலக்கிறது. லாம்பர்ட்டோடு ஒப்பிட்டால் பொடிசு.

லாம்பர்ட்டின் அக்கம்பக்கத்தாரைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 1931 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய ஆய்வுப் பயணி டக்ளஸ் மாசன் கப்பலிலிருந்து இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் கரை திரும்புவது போலத் தெரிந்தது. அதை ஒரு முனை என்று எண்ணி ஆமரி முனை என்று குறித்துக்கொண்டார். வில்லியம் பேங்க்ஸ் ஆமரி, பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக 1925 முதல் 1928 வரை ஆஸ்திரேலியாவில் இருந்த ஓர் அதிகாரி. பிற்பாடு பார்த்தால் அங்கே நிலமே இல்லை. மாசன் கண்டது ஒரு மாபெரும் பனித்தட்டின் ஓரம். முனை போய்விட்டது. 1947-ல் அமெரிக்கப் பெயர்க்குழு அந்தப் பெயரை எடுத்து முழுப் பனித்தட்டுக்கும் சூட்டியது. இல்லாத முனைக்கு வைத்த பெயர் சுமார் 60,000 சதுர கிலோமீட்டர் பனிக்கு வந்து சேர்ந்தது.

பனித்தட்டுக்கு மேற்கே இருக்கும் நிலம் மேக்ராபர்ட்சன் லேண்ட். மெல்பர்னில் சாக்லேட் தொழிற்சாலை வைத்திருந்த மேக்பெர்சன் ராபர்ட்சன், மாசனின் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர். செர்ரி ரைப், ஃப்ரெட்டோ தவளை எல்லாம் அவருடைய கம்பெனி தயாரித்த மிட்டாய்கள்தான். கிழக்கே பிரின்சஸ் எலிசபெத் லேண்ட். பெயர் வைத்தபோது அந்த இளவரசிக்கு 4 வயது. பனியாற்றின் மேற்குக் கரையில் 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மலைத்தொடருக்கு 1956-ல் இளவரசர் சார்லஸ் பெயர். அப்போது அவருக்கு 7 வயது. பனியாறு போய்ச் சேரும் பிரிட்ஸ் விரிகுடாவோ, ஒலாஃப் பிரிட்ஸ் என்ற நார்வேக்காரரின் பெயரில் இருக்கிறது. சாண்டஃப்யூர் என்ற ஊரில் திமிங்கில வேட்டைக்காரர்களின் காப்பீட்டுச் சங்கத்தை நிர்வகித்தவர். ஆக, உலகின் மிகப்பெரிய பனியாறு புறப்பட்டு, இளவரசரைத் தாண்டி, அதிகாரியின்மேல் மிதந்து, இன்சூரன்ஸ் மேனேஜரிடம் போய் முடிகிறது.

இந்த வரிசையில் எனக்கு மனம் நின்ற இடம் ஒன்று உண்டு. திமிங்கில வேட்டைத் தொழிலதிபர் லார்ஸ் கிறிஸ்டென்சனின் மனைவி இங்க்ரிட். 1930-களில் நான்கு முறை கணவரோடு அண்டார்டிகக் கடலுக்குப் போய்வந்தவர். பாரதி நிலையம் இருக்கும் கரைக்கு அவர் பெயர்தான். 1935-ல் அந்தக் கரையைத் தேடிப்போன கப்பல் தலைவன் கிளாரியஸ் மிக்கெல்சன் தன் மனைவி கரோலினையும் கூட்டிப்போயிருந்தார். பிப்ரவரி 20 அன்று கரோலின் கரையிறங்கினார். அண்டார்டிகாவில் கால் வைத்த முதல் பெண் என்று வெகுகாலம் அவரைச் சொல்லிவந்தார்கள். அவர் இறங்கிய இடம் கண்டமா, கரையை ஒட்டிய தீவா என்று பின்னால் விவாதம் எழுந்தது. தீவு என்பதே இன்று பலரின் முடிவு. அப்படியானால் முதலிடம் இங்க்ரிட்டுக்கு வருகிறது. 1937 ஜனவரி 30 அன்று ஸ்கல்லின் என்ற தனிப்பாறையில் அவர் இறங்கியது கண்டத்தின் நிலம்தான்.

அந்தப் பயணத்தில் இங்க்ரிட், அவருடைய மகள், இன்னும் இருவர் என்று நான்கு பெண்கள் கப்பலில் இருந்தார்கள். அவர்கள் நினைவாக பிரிட்ஸ் விரிகுடாவின் வாசலில் ஓர் இடத்துக்கு நான்கு சீமாட்டிகள் திட்டு என்று பெயர் வைத்தார்கள். அது கடலுக்கு அடியில் இருக்கிறது. ஊரைவிட்டு நகராதவர்களின் பெயர்கள் மலைமேலும் பனிமேலும் கம்பீரமாக நிற்கின்றன. உண்மையிலேயே கப்பலேறி வந்து பார்த்தவர்களுக்கு, யாரும் பார்க்க முடியாத ஒரு கடலடித் திட்டு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் கோபம் வரத்தான் செய்கிறது.

குமரிக்குத் தெற்கே ஒரு கண்டம் இருந்தது, அதைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று நம் ஊரில் பேசும்போதெல்லாம் எனக்கு லாம்பர்ட்தான் ஞாபகம் வரும். ஏனென்றால் நம்மோடு ஒட்டிக்கொண்டு ஒரு கண்டம் இருந்தது உண்மை. அது மூழ்கவில்லை, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து தெற்கே தங்கிவிட்டது. நாம்தான் வடக்கே வந்தோம். லாம்பர்ட் பனியாறு ஓடுவது பனி தானாகக் குடைந்த வழியில் இல்லை. நிலம் இழுபட்டுப் பிளந்ததில் உண்டான பிளவுப் பள்ளத்தாக்கு அது. பனித்தட்டின் தென்முனையில் பனியின் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்தப் பிளவின் மறுபாதி ஒடிசாவில் மகாநதிப் படுகையாக இருக்கிறது என்று நிலவியலாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். தால்ச்சேரில் இன்று தோண்டும் நிலக்கரியும் பீவர் ஏரிக்கருகில் மலையோரத்தில் வெளியே தெரியும் நிலக்கரிப் படுகைகளும் பெர்மியன் காலத்தவை, அதாவது 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. இரண்டிலும் குளோசாப்டெரிஸ் என்ற ஒரே மரத்தின் இலைப்படிவங்கள் கிடைக்கின்றன. இலங்கை இன்னும் மேற்கே, இன்று ஜப்பானின் ஷோவா நிலையம் இருக்கும் கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டின் தென்பகுதியும் அந்தப் பக்கம்தான். லார்ஸ்மன் குன்றுகளில் இந்தியா நிலையம் கட்டத் தீர்மானித்ததற்கு இந்தப் பழைய ஒட்டுறவை ஆராயலாம் என்பதும் ஒரு காரணம்.

பெயர்க் கதையும் இங்கே பல்லாவரம் வரை வந்துவிடுகிறது. கல்கத்தாவைத் தொடங்கிவைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக் 1690-களில் இறந்தார். அவருடைய சமாதியில் பதித்த கல் சென்னைப் பக்கத்துக் கருங்கல். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளோடு ஒப்பிட்டு, அந்தப் பாறை வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது கண்ணில் படும் அந்தக் குன்றுகள்தான். இப்போது மாசன் நிலையம் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? மாசன் சார்னோக்கைட் என்ற பாறையின்மேல். ஒரே வகைப் பாறை என்று மட்டும்தான் சொல்கிறேன், ஒரே வயது இல்லை: பல்லாவரத்துப் பாறைக்கு சுமார் 250 கோடி ஆண்டு, மாசன் பாறைக்கு சுமார் 100 கோடி. சமாதிக் கல்லுக்காக ஒரு வியாபாரியின் பெயர் பாறைக்கு ஏறி, அந்தப் பாறை வழியாக அண்டார்டிகா வரை போயிருக்கிறது. பல்லாவரைட் என்று வைத்திருந்தால் இன்று நமக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! நம்மவர்களும் பெயர் வைப்பதில் வேறு மாதிரி இல்லை. 1980-களில் அண்டார்டிகாவில் இன்னும் மேற்கே சிர்மாக்கர் பகுதிக்குப் போன இந்தியர்கள் அங்கிருந்த ஒரு பனிநாக்குக்கு தட்சிண் கங்கோத்ரி என்று இமயமலைப் பெயரைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள்.

அண்டார்டிகாவின் மேற்குப் பக்கத்துப் பனியாறுகள் வேகமாகக் கரைவதால் செய்தியில் அடிபடுகின்றன. லாம்பர்ட் அந்த அளவுக்கு அடிபடுவதில்லை. மேலே விழும் பனிக்கும் கடலுக்குப் போகும் பனிக்கும் அங்கே இதுவரை ஏறக்குறைய சமநிலை இருந்துவருகிறது. அதற்காக அங்கே எதுவும் நடப்பதில்லை என்றில்லை. 2019 ஜூனில், கடுங்குளிர் காலத்தில், ஆமரி பனித்தட்டில் பனி மூடியிருந்த ஒரு ஏரி மூன்றே நாளுக்குள் காலியாகிவிட்டது. அடியில் விரிசல் விட்டு 60 முதல் 75 கோடி கன மீட்டர் தண்ணீர் கடலுக்குள் இறங்கியது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஏரி இருந்த இடத்தில் 11 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு குழி மட்டும் மிஞ்சியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொன்று. பனித்தட்டின் முகப்பில் இரண்டு பெரிய விரிசல்களுக்கு நடுவே ஒரு துண்டு வெகுநாளாக ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. ஃப்ரிக்கரும் அவருடைய சகாக்களும் அதற்கு ஆடும் பல் என்று செல்லப்பெயர் வைத்து, 2010-க்கும் 2015-க்கும் நடுவில் உடையும் என்று கணித்திருந்தார்கள். 2019-ல் உடைந்தது அதற்குப் பக்கத்துத் துண்டு. ஆடும் பல் அப்போது விழவில்லை. விழுந்த துண்டு 1,636 சதுர கிலோமீட்டர், சுமார் 31,500 கோடி டன் எடை. 1963-64க்குப் பிறகு ஆமரியிலிருந்து இவ்வளவு பெரிதாக எதுவும் உடைந்து போனதில்லை.

அந்தப் பனிப்பாறையின் பெயர் டி-28. அமெரிக்க தேசியப் பனி மையம் அண்டார்டிகாவை நான்கு காலாக வெட்டி, கிழக்குத் தீர்க்கரேகை 0 முதல் 90 வரையான பகுதிக்கு டி என்ற எழுத்தைக் கொடுத்திருக்கிறது. அங்கே முதலில் கண்டு எண்ணிட்ட பாறைகளில் இது 28-ஆவது. துண்டானால் டி-28ஏ, டி-28பி என்று போகும். எங்கே மிதந்து போனாலும் பிறந்த எழுத்து மாறாது. பெயர்க்குழு, இளவரசர், நன்கொடையாளர் யாரும் இதில் தேவையில்லை. ஒழுங்கான ஏற்பாடுதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கென்னவோ சாக்லேட் வியாபாரியின் பெயரே பிடித்திருக்கிறது. யார் பணம் கொடுத்தார்கள் என்றாவது அதில் தெரிகிறது.